வங்கி கவுண்டரில் வேலை, வீட்டில் சர்க்கரை நோயுள்ள மாமியார். இந்தக் கொரோனா பயத்தை எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

காவிரிக்கரை
16 மே 2021, இரவு 9.40

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வீடு திருச்சி உறையூரில். வேலை மண்ணச்சநல்லூர்ப் பக்கம் ஒரு வங்கிக் கிளையில், கேஷ் கவுண்டரில். ஊரடங்கு என்றாலும் வங்கி அத்தியாவசியப் பணி. காலை பத்து மணி முதல் இரண்டு மணி வரை திறந்திருக்கிறோம். பஸ் ஓடவில்லை. ஸ்கூட்டரில் காவிரிப் பாலம், கொள்ளிடப் பாலம் இரண்டையும் தாண்டி, நம்பர் ஒன் டோல்கேட்டில் போலீசாரிடம் அடையாள அட்டையைக் காட்டிவிட்டுப் போகிறேன்.

வெள்ளிக்கிழமை ரம்ஜான் விடுமுறை. அதனால் நேற்று சனிக்கிழமை கூட்டம் நெருக்கித் தள்ளியது. முதியோர் உதவித்தொகை எடுக்க வந்த பாட்டிகள், நெல் போட்ட பணம் ஏறிவிட்டதா என்று பாஸ்புக்கை நீட்டும் விவசாயிகள், அரிசி ஆலைத் தொழிலாளர்கள், ஆஸ்பத்திரிக்குக் கட்டுவதற்காக நகையை அடகு வைக்க வந்தவர்கள். எனக்கு முன்னால் கண்ணாடித் தடுப்பு இருக்கிறது. ஆனால் பேசுவதற்கென்று அதில் வட்டமாக ஒரு துளை போட்டிருக்கிறார்கள். நான் உட்கார்ந்தால் அது சரியாக என் முகத்துக்கு நேரே வருகிறது. சொல்வது எனக்குக் கேட்காதோ என்று நினைத்து, வருகிறவர்கள் குனிந்து, முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கிவிட்டு, அந்தத் துளைக்கு வாயைக் கொடுத்துப் பேசுகிறார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. காது மந்தமான பாட்டி உரக்கத்தான் பேசுவார். ஆனால் அந்த மூச்சு என் கன்னத்தில் படும்போது உடம்பே கூசிப்போகிறது.

வீட்டில் மாமியாருக்கு 71 வயது. நெடுநாள் சர்க்கரை. ஏப்ரலில் கோவிஷீல்டு தடுப்பூசியின் முதல் தவணை போட்டுக்கொண்டார். இரண்டாம் தவணையும் போட்டுவிட்டால் நிம்மதி என்றிருந்தேன். இப்போது இடைவெளியை 12 முதல் 16 வாரம் என்று நீட்டிவிட்டார்கள். எனக்கு வயது 38. எங்கள் வயதுக்காரர்களுக்கு இங்கே ஊசி இன்னும் தொடங்கவே இல்லை. போன வாரம் பக்கத்துக் கிளையில் ஒருவர் இறந்துவிட்டார். நேரில் அதிகம் பார்த்ததில்லை. பணம் அனுப்புவது, வாங்குவது தொடர்பாகத் தினமும் தொலைபேசியில் பேசுகிறவர். அந்தக் குரல் இன்னும் காதில் இருக்கிறது.

வீடு திரும்பியதும் கொல்லைப்புறமாக நுழைந்து, உடையை டெட்டால் தண்ணீரில் ஊறவைத்து, வெந்நீரில் தலைக்குக் குளித்து, சாவி, கைபேசி, செருப்பு, வண்டியின் கைப்பிடி எல்லாவற்றையும் துடைக்கிறேன். அவ்வளவு செய்தும் நம்பிக்கை வருவதில்லை. படுத்தால் அன்று கவுண்டருக்கு வந்த முகங்கள் வரிசையாக வருகின்றன. யார் இருமினார், யாருக்குக் கண் சிவந்திருந்தது என்று மனம் கணக்குப் பார்க்கிறது. எட்டு வயது மகன் நேற்று நான் குளித்துவிட்டு வருவதற்காகக் காத்திருந்து, "இன்று யாராவது இருமினார்களா அம்மா?" என்று கேட்டான். அந்தக் கேள்வியைக் கேட்ட பிறகுதான் இங்கே எழுத வந்தேன்.

வேலையை விட முடியாது. வீட்டுக்கடன் இருக்கிறது. மாதம் பிறந்தால் சம்பளம் வருகிற நான், கூலி இல்லாமல் எதிரே நிற்பவர்களைப் பார்த்துக்கொண்டு இப்படிப் புலம்பலாமா என்றும் தோன்றுகிறது. உங்களில் வெளியே போய் வேலை செய்பவர்கள் சொல்லுங்கள். இதில் எதைச் செய்தால் போதும், எதை விட்டுவிடலாம்? இரவில் எப்படித் தூங்குகிறீர்கள்?


தஞ்சைத் தராசு
16 மே 2021, இரவு 10.25

அம்மா, நான் தஞ்சை மாவட்டத்தில் ரேஷன் கடை விற்பனையாளர். வயது 52, எனக்கும் சர்க்கரை உண்டு. நேற்றுதான் நிவாரணத் தொகையின் முதல் தவணை 2,000 ரூபாய் கொடுக்கத் தொடங்கினோம். டோக்கன் கொடுத்து நாள் குறித்திருந்தாலும் அந்த நாளுக்கு உரியவர்கள் எல்லோரும் கடை திறக்கும் முன்பே வந்து நிற்கிறார்கள். உங்கள் பயம் எனக்கு அப்படியே புரிகிறது.

நான் செய்தது இரண்டு. மேசையை வாசலுக்குக் குறுக்கே போட்டுவிட்டேன். கடைக்குள் யாரும் வருவதில்லை, வேலை முழுவதும் வெட்டவெளியைப் பார்த்தே நடக்கிறது. அடுத்து, ஒரு பிவிசி குழாயைச் சரிவாகக் கட்டியிருக்கிறேன். எடை போட்ட அரிசியை இந்த முனையில் கொட்டினால் அந்த முனையில் அவர்கள் பையைப் பிடித்துக்கொள்வார்கள். போன வருடம் கட்டியது, இன்னும் உழைக்கிறது. முதலில் முணுமுணுத்தவர்கள் இப்போது பையைச் சரியாகப் பிடிக்கக் குழந்தைகளுக்கும் கற்றுக்கொடுக்கிறார்கள்.

இரவில் தூங்குவது பற்றிச் சொல்ல எனக்கு ஒன்றும் தெரியாது. கடைசி அட்டைதாரர் போனதும் அரசமரத்தடியில் முகக்கவசத்தைக் கழற்றிக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போகிறேன். நேரே வீட்டுக்குள் போகும் நாள்களில் எல்லோரிடமும் எரிந்து விழுகிறேன் என்று என் மனைவி சொல்கிறாள்.


மூலிகை மைந்தன்
17 மே 2021, காலை 6.10

சகோதரி, வீணாகப் பயப்படாதீர்கள். காலையும் மாலையும் நொச்சி, மஞ்சள் போட்டு ஆவி பிடியுங்கள். கிருமி தொண்டையில் தங்கியிருக்கும்போதே அழிந்துவிடும். கபசுரக் குடிநீரும் குடித்து வந்தால் முகக்கவசம்கூடப் பெரிதாகத் தேவைப்படாது. எங்கள் தெருவில் எல்லோரும் அப்படித்தான் இருக்கிறோம்.


இரவுப்பணி
17 மே 2021, பிற்பகல் 3.15

காவிரிக்கரை, மதுரையில் ஓர் அரசு மருத்துவமனையில் செவிலியராக இருக்கிறேன். போன வருடம் முதல் கொரோனா வார்டுதான். இரவுப் பணி முடித்துத் தூங்கி எழுந்து எழுதுகிறேன், அதனால் தாமதம்.

முதலில் மேலே உள்ள பதிலுக்கு. ஆவி பிடித்தால் மூக்கடைப்புக்கு இதமாக இருக்கும். கிருமியை அது அழிக்காது. கொதிக்கும் பாத்திரம் கவிழ்ந்து வெந்துபோய் வருகிறவர்களை நாங்கள் பார்க்கிறோம். வீட்டில் குழந்தை இருக்கிறது, கவனம். கபசுரக் குடிநீர் குடிப்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை, அரசே கொடுக்கிறது. ஆனால் அதைக் குடித்தால் முகக்கவசம் வேண்டாம் என்பது ஆபத்தான பேச்சு, ஐயா. தயவுசெய்து அதை யாருக்கும் சொல்லாதீர்கள்.

இனி உங்களுக்கு. உங்கள் பயம் நியாயமானது. அதைப் போக்கிவிட வேண்டும் என்று பாடுபடாதீர்கள், அதற்குச் சரியான வேலையைக் கொடுங்கள். நீங்கள் சொன்னதையெல்லாம் படித்தால், பயம் உங்களைச் செருப்பையும் சாவியையும் துடைக்க வைத்திருக்கிறது, கண்ணாடித் துளையை அப்படியே விட்டுவிட்டது. இந்த நோய் பெரும்பாலும் காற்று வழியாகத்தான் வருகிறது. நோட்டு, சாவி, துணி வழியாக வருவது அரிது. சோப்புப் போட்டுக் கை கழுவினால் அந்தப் பக்கம் முடிந்தது. டெட்டால் வேண்டாம், வழக்கம்போல் துவையுங்கள். நோட்டு எண்ணும்போது விரலை நாக்கில் வைக்காமல் ஸ்பாஞ்சைத் தொட்டு எண்ணுங்கள். கவுண்டரில் இருக்கும்போது முகத்தைத் தொடாதீர்கள். அது போதும்.

மிச்சமாகும் அந்த நேரத்தையும் அக்கறையையும் மூன்று இடத்தில் வையுங்கள்.

ஒன்று, காற்று. நாளை வேலை தொடங்கும் முன் ஓர் ஊதுபத்தியைக் கொளுத்தி, வாடிக்கையாளர் நிற்கும் இடத்தில் வாய் உயரத்துக்குப் பிடித்துப் பாருங்கள். புகை எந்தப் பக்கம் நகர்கிறதோ, அவர்களுடைய மூச்சும் அந்தப் பக்கம்தான் வரும். சுவரில் மாட்டும் ஏசி வெளிக்காற்றைக் கொண்டுவருவதில்லை, உள்ளே இருக்கும் காற்றையே சுற்றிச் சுற்றி விடுகிறது. ஏசியை நிறுத்திவிட்டு ஜன்னலையும் கதவையும் திறக்கச் சொல்லுங்கள். மே மாதத் திருச்சி வெயிலில் இது கொடுமைதான், தெரியும். கவச உடைக்குள் வியர்வை காலணியில் தேங்கும் அளவுக்கு நாங்களும் நிற்கிறோம். முடிந்தால் உங்கள் முதுகுப் பக்கமிருந்து மின்விசிறிக் காற்று வந்து, எதிர்ப்பக்க ஜன்னல் வழியே வெளியேற வேண்டும். அந்தத் துளையைத் தடித்த பிளாஸ்டிக் தாளால் ஒட்டி மூடுங்கள். பாஸ்புக் நீட்டக் கீழே சந்து இருக்குமே, அது போதும். தொகையைச் சீட்டில் எழுதிக் காட்டச் சொல்லி ஒரு பலகை வையுங்கள். இதை நீங்கள் ஒருத்தியாகக் கேட்காதீர்கள். கிளையில் எல்லோரும் கையெழுத்துப் போட்டு மேலாளரிடம் கொடுங்கள்.

இரண்டு, முகக்கவசம். என்95 வாங்குங்கள், வால்வு வைத்தது வேண்டாம். அது நீங்கள் விடும் மூச்சை வடிகட்டாமல் வெளியே அனுப்பும். காதில் மாட்டுவதைவிடத் தலையைச் சுற்றி இரண்டு பட்டை வருவது நன்றாகப் பொருந்தும். மேல் பட்டை உச்சந்தலைக்குப் பின்னால், கீழ்ப்பட்டை கழுத்தில், காதுக்குக் கீழே. மூக்கின் மேலுள்ள கம்பியை ஒரு கையால் கிள்ளாதீர்கள், நடுவில் கூரை முகடு போல எழும்பிச் சந்து விழும். இரண்டு கை விரல்களாலும் நடுவிலிருந்து கன்னம் வரை அழுத்திக்கொண்டே போங்கள். பிறகு உள்ளங்கைகளால் மூடிப் பலமாக ஊதிப் பாருங்கள். கண்ணை நோக்கிக் காற்று வந்தால் கம்பியைத் திரும்ப அழுத்த வேண்டும். மூக்குக் கண்ணாடி போடுகிறவர் என்றால் கண்ணாடியில் பனி படிவதே காட்டிக்கொடுத்துவிடும். துவைக்கக் கூடாது, சானிடைசர் தெளிக்கவும் கூடாது, வடிகட்டும் தன்மை போய்விடும். வேலைக்குப் போகும் கிழமைக்கு ஒன்றாக வாங்கி, ஒவ்வொன்றையும் ஒரு காகித உறையில் போட்டு, உறையின் மேல் கிழமையை எழுதி வையுங்கள். திங்கள் போட்டது அடுத்த திங்கள்தான் வெளியே வர வேண்டும். பட்டை தளர்ந்தாலோ, அழுக்கானாலோ, ஈரமானாலோ தூக்கி எறிந்துவிடுங்கள்.

மூன்று, சாப்பாடு. இதை யாரும் நினைப்பதில்லை. காலையெல்லாம் கவசத்தோடு இருந்துவிட்டு, சாப்பாட்டு அறையில் நான்கு பேர் அதைக் கழற்றி வைத்துவிட்டு ஊறுகாய் பகிர்ந்து சாப்பிடுவோம். எங்கள் செவிலியர்களில் சிலருக்கு நோயாளியிடமிருந்து வரவில்லை, அந்த அறையில்தான் வந்தது என்று நான் நம்புகிறேன். தனியே, வெளியே, மரத்தடியில் சாப்பிடுங்கள். இரண்டு மணிக்குப் பிறகு கணக்கு முடிக்கும்போதும் கவசத்தைக் கழற்றாதீர்கள். வாடிக்கையாளர் போய்விட்டாலும் அறைக்குள் இருப்பது அதே காற்றுதான்.

இரவுக்கு வருகிறேன். இருமியவர் யார் என்று கணக்குப் பார்ப்பதாக எழுதியிருந்தீர்கள். அந்தக் கணக்கு ஒருபோதும் சரியாக வராது, தங்கையே. அறிகுறி தெரிவதற்கு ஓரிரு நாள் முன்பிருந்தே ஒருவர் தொற்றைக் கொடுக்க முடியும். இருமியவருக்கு வெறும் சளியாக இருக்கலாம், சிரித்துப் பேசிவிட்டுப் போனவருக்கு நோய் இருந்திருக்கலாம். அதனால்தான் ஆளைப் பார்க்காமல் எல்லோருக்கும் ஒரே காப்பு என்று வைத்துக்கொள்கிறோம். கவசம் ஒழுங்காகப் பொருந்தியிருந்தது, ஜன்னல் திறந்திருந்தது என்றால் அன்றைய கணக்கு முடிந்தது.

என் வழி ஒன்று உண்டு. மாலை ஆறு மணிக்கு மொட்டை மாடியில் ஒரு நோட்டோடு உட்கார்வேன். பயமெல்லாம் அந்த நேரத்துக்குத்தான். என்ன தோன்றுகிறதோ எழுதுவேன். பக்கத்தில், இதற்கு நாளை நான் செய்யக்கூடியது ஏதாவது இருக்கிறதா என்று ஒரு வரி. சிலவற்றுக்கு இருக்கும். பலவற்றுக்கு அந்த வரி காலியாகவே கிடக்கும். வார்டில் இறந்தவர்களின் பெயர்களுக்கு நேரே ஒன்றும் எழுத முடிவதில்லை, அழுதுவிட்டு இறங்கி வருவேன். நள்ளிரவில் அதே எண்ணம் வந்தால், நாளை மாலை ஆறு மணிக்கு என்று அதனிடம் சொல்லிவிடுவேன். முதலில் கேட்கவில்லை. பழகப் பழகக் கேட்கிறது. இரவில் செய்திச் சேனலும் வாட்ஸாப்பில் வரும் குரல் பதிவுகளும் எங்கள் வீட்டில் கிடையாது.

மாமியாருக்கு இடைவெளி நீண்டதால் முதல் தவணை வீணாகிவிடாது. கடும் நோயிலிருந்து அது ஓரளவு காக்கும், முழுக் கவசம் என்று எண்ண வேண்டாம். அவருடைய சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பதுதான் இப்போது நீங்கள் அவருக்குச் செய்யக்கூடிய பெரிய காரியம். மாத்திரை தவறாமல், இரத்தப் பரிசோதனை தள்ளிப்போகாமல் பாருங்கள். அவர் அறையின் ஜன்னல் திறந்திருக்கட்டும். சில நாள்களுக்கு நீங்கள் அவரோடு சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடாமல் இருந்தால் நல்லது. கூடவே ஒன்றை இன்றே முடிவு செய்துவிடுங்கள்: உங்களுக்குக் காய்ச்சல் வந்தால் எந்த அறை, யார் சமைப்பது, மகன் யாரிடம், பரிசோதனைக்கு எங்கே போவது. ஒரு தாளில் எழுதி வீட்டில் எல்லோரும் பார்க்கிற இடத்தில் ஒட்டுங்கள். இரவில் வருகிற பாதிக் கேள்விகளுக்கு அந்தத் தாளில் பதில் இருக்கும்.

இரண்டு வாரத்துக்கு மேலும் தூக்கமில்லை, நெஞ்சு படபடக்கிறது என்றால் 104க்கு அழையுங்கள், இலவசம். மாவட்ட மனநலத் திட்ட மருத்துவர்களும் அரசு மருத்துவமனையில் இருக்கிறார்கள். எங்கள் வார்டிலேயே பலர் அவர்களிடம் பேசியிருக்கிறோம்.

புலம்பலாமா என்று கேட்டிருந்தீர்கள். கூலி இல்லாதவருக்கு அவருடைய ஐநூறு ரூபாயை எடுத்துக் கொடுக்க அந்த நாற்காலியில் ஒருவர் இருந்தாக வேண்டும். அங்கே உட்கார்ந்திருப்பவருக்குப் பயப்பட எல்லா உரிமையும் உண்டு.


வீட்டிலிருப்பவன்
17 மே 2021, இரவு 8.05

சென்னையில் கணினி வேலை, போன மார்ச் முதல் வீட்டிலிருந்தே. மனைவி மருந்துக் கடையில் மருந்தாளுநர், தினமும் போகிறார். எனவே மறுபக்கத்திலிருந்து ஒன்று சொல்கிறேன், உங்கள் கணவரிடம் காட்டுங்கள்.

மனைவி வந்து கதவைத் தட்டியதும் "இன்று கூட்டமா? யாராவது பாசிட்டிவா?" என்றுதான் நான் கேட்டுக்கொண்டிருந்தேன். அக்கறையில் கேட்டதுதான். ஒருநாள் அவர், "கதவைத் திறந்தால் ஒரு விசாரணை நடக்கிறது" என்றார். அதற்குப் பிறகு காபி தயாராக இருக்கும், என் வாய் மூடியிருக்கும். அவராகச் சொன்னால் கேட்பேன். எங்கள் மகளும் என்னைப் பார்த்துத்தான் கேள்விகளைக் கற்றுக்கொண்டிருந்தாள். நான் நிறுத்தியதும் அவளும் நிறுத்திவிட்டாள். இப்போது கடைக்கு எந்த நாய் வந்தது, எந்தத் தாத்தா சில்லறைக்குச் சண்டை போட்டார் என்று கேட்கிறாள். வெளியே போகிறவர் பயத்தைச் சுமக்கிறார். வீட்டிலிருப்பவர்கள் மருந்து, பால், மளிகை, ஊசிக்கு முன்பதிவு இவற்றையெல்லாம் சுமக்க வேண்டும். கோவின் தளத்தில் இடம் திறக்கும் நேரம் பார்த்து உட்காரும் வேலை முழுவதும் என்னுடையது.


காவிரிக்கரை
23 மே 2021, மாலை 5.30

எல்லோருக்கும் நன்றி. இரவுப்பணி அக்கா, உங்கள் பதிலை அப்படியே எழுதிக் கிளையில் எல்லோருக்கும் கொடுத்தேன்.

ஊதுபத்தியைப் பிடித்துப் பார்த்தோம். புகை நேராக மேலே எழும்பி, ஏசிக் காற்று பட்டதும் மடங்கி, கண்ணாடித் துளை வழியே என் நாற்காலிக்கு வந்தது. மேலாளரும் பக்கத்தில் நின்று பார்த்தார். அதற்கு மேல் யாரும் வாதாட வேண்டியிருக்கவில்லை. ஜன்னல் கொக்கிகளின் மேல் பல முறை பெயின்ட் அடித்து அவை இறுகிக் கிடந்தன. எங்கள் காவலர் அண்ணன் உளியும் மண்ணெண்ணெயும் கொண்டுவந்து ஒவ்வொன்றாகத் திறந்தார். துளையை மூடிவிட்டோம். பலகையும் வைத்திருக்கிறோம். எழுதத் தெரியாதவர்களுக்கு அந்த அண்ணன்தான் வெளியே வேப்பமரத்தடியில் மேசை போட்டுச் சீட்டு எழுதிக் கொடுக்கிறார். அவருக்கும் சேர்த்து என்95 வாங்கினோம். அவர் ஒப்பந்தப் பணியாளர் என்பதால் வங்கி தந்த முகக்கவசப் பட்டியலில் அவர் பெயர் இல்லை. வாசலில் எல்லோருக்கும் முன்னால் நிற்பவர் அவர். இதைக் கேட்டு மனம் கொதித்தது. அதையும் சேர்த்துத்தான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறோம்.

வெயில் தாங்கவில்லை. நோட்டுக் கட்டில் வியர்வை சொட்டுகிறது. ஆனால் யாரும் இப்போது என் முகத்துக்கு நேரே குனிவதில்லை.

தூக்கம் முழுதாக வரவில்லை. மாலை ஆறு மணி நோட்டு ஆரம்பித்திருக்கிறேன். முதல் பக்கத்தில் இறந்துபோன அந்தச் சக ஊழியரைப் பற்றித்தான் எழுதினேன். நீங்கள் சொன்ன தாளை நான் ஒட்டும்போது மாமியார் கோபிப்பார் என்று பயந்தேன். அவரே கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்துவிட்டு, "யார் சமைப்பது என்ற இடத்தில் என் பெயரை ஏன் எழுதவில்லை?" என்று கேட்டார். கணவர் இரண்டு நாளாக வாசலில் எதுவும் கேட்பதில்லை. வீட்டிலிருப்பவன் அவர்களுக்குத் தனி நன்றி.

18 முதல் 44 வயது வரை உள்ளவர்களுக்குத் தமிழ்நாட்டில் 20ஆம் தேதி ஊசி தொடங்கிவிட்டது. பெயர் பதிந்திருக்கிறேன், இடம் கிடைக்கவில்லை. நாளை முதல் தளர்வில்லாத ஊரடங்கு என்பதால் நேற்றும் இன்றும் கடைத்தெருவில் கால் வைக்க இடமில்லை. நாங்கள் போகவில்லை, இருக்கும் காய் போதும்.

ஒரு சந்தேகம் அக்கா. விரலில் மாட்டி இரத்தத்தில் ஆக்சிஜன் அளவு பார்க்கும் ஆக்சிமீட்டர் வாங்கினோம். மாமியார் விரலில் மருதாணி. ஒரு முறை 91, அடுத்த முறை 97 என்று காட்டுகிறது. பயந்துபோய்விட்டோம்.


இரவுப்பணி
23 மே 2021, இரவு 7.50

மருதாணி, நகப்பூச்சு இரண்டும் அந்தக் கருவியை ஏமாற்றும். மருதாணி இல்லாத விரலில் பாருங்கள். எல்லா விரலிலும் இருந்தால் கால் விரலிலும் பார்க்கலாம், ஆனால் சர்க்கரை உள்ளவர்களுக்குக் காலில் இரத்த ஓட்டம் குறைவாக இருக்கலாம், அதை மட்டும் நம்ப வேண்டாம். கை சில்லென்று இருந்தால் தேய்த்துச் சூடாக்குங்கள். உட்கார்ந்து, கையை மேசை மேல் வைத்து, பேசாமல், அசையாமல் ஒரு நிமிடம். எண் ஓரிடத்தில் நிலைத்த பிறகு குறித்துக்கொள்ளுங்கள், போட்டவுடன் வருவதைக் கணக்கில் எடுக்காதீர்கள். இப்படி நிதானமாகப் பார்த்தும் திரும்பத் திரும்ப 94க்குக் கீழே காட்டினால் காத்திருக்க வேண்டாம், உடனே மருத்துவமனை. எண் நன்றாக இருந்தாலும் மூச்சு வாங்கினால் அதே முடிவுதான்.

காவலர் அண்ணனுக்கு ஒன்று போதாது, அவருக்கும் கிழமைக்கு ஒன்றாக உறை போட்டுக் கொடுங்கள்.